கொடிக்காரன் கன்னத்து நீலம்

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பொய்யைச் சொன்னபோது அது பொய் மாதிரியே இல்லை.

அச்சகத்தின் மாடியில் ஒரு விளையாட்டுச் சங்கம் இருந்தது. ஞாயிறுதோறும் முப்பது பேர் அங்கே கூடி, நீண்ட மேசைகளில் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்து, அங்குலம் அங்குலமாகப் போர் நடத்துவார்கள். மெக்கானிக்குக்கும் ஒரு படை உண்டு. நாற்பத்தெட்டு சிப்பாய்கள், இரண்டு பீரங்கிகள், குதிரைமேல் ஒரு தளபதி, கொடி பிடித்தவன் ஒருவன். ஆள் ஒவ்வொருவனும் கட்டைவிரலில் பாதி உயரம். மூன்று வருடமாக அந்தப் படை வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காகவே போருக்குப் போய்த் தோற்று வந்தது. வர்ணம் அடித்த படைக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதையும் அவர் வாங்கியதில்லை.

ஒரு ஞாயிறு, படை வர்ணத்தோடு வந்து இறங்கியது. மேலங்கிகள் கீழே கருநீலமாகத் தொடங்கி, தோளுக்குப் போகப் போக வெளுத்திருந்தன. எந்த இடத்தில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தூரிகை பட்ட தடமே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, ஒவ்வொரு சிப்பாயாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்களா அடிச்சீங்க?"

"ஆமா" என்றார் மெக்கானிக்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதற்கு ஒரு சமாதானம் கிடைத்தது. நீங்க என்றால் ஒருவரும்தான், இரண்டு பேரும்தான். வீட்டைச் சேர்த்துக் கேட்டார், வீட்டைச் சேர்த்துச் சொன்னேன். இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் அவரே அதைப் பாதி நம்பிவிட்டார்.

அடித்தது அவர் மனைவி. பல் தயாரிக்கும் கூடம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை. பீங்கான் பற்களுக்கு நிறம் ஏற்றுவதுதான் அவள் பிரிவு. பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பார்த்தால் எது பொய்ப்பல் என்று தெரியக் கூடாது. கணவனின் சாம்பல் படையைத் தூசி தட்டும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுக்கும். கடைசியில் காற்றால் வர்ணம் தூவும் ஏர்பிரஷ் ஒன்றும் அதற்குக் காற்று தரும் சின்ன கம்ப்ரசரும் வாங்கி, துணி காயப்போடும் பால்கனியில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கூடாரம் மாதிரி நிறுத்தி, அதன் முதுகில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்தி, ஒன்றரை வருடம் தானாகவே கற்றுக்கொண்டாள். சங்கத்துக்கு அவள் போனதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தூங்குகிற நாள்.

பொய் அதன்பிறகு தானாக வளர்ந்தது. அந்த வருடப் போட்டியில் படைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. 'சிறந்த படை' என்று மட்டும் அதில் எழுதியிருந்ததால் மெக்கானிக் தைரியமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, சங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எல்லாரும் அசந்து போய்விட்டார்கள் என்றார் அவர். அது உண்மைதான்.

இப்படி இரண்டு வருடம் போனபிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சினன் வந்தான். அவள் தம்பி, தபால்காரன். ஆறு மாதமாக அவனும் சங்கத்தில் உறுப்பினர். செருப்பைக் கழற்றும்போதே செய்தியைச் சொல்லிவிட்டான். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, சங்கத்தில் அத்தான் எல்லார் முன்னாலும் ஏர்பிரஷ் செய்து காட்டப்போகிறார். கேமரா வைத்துப் பெரிய திரையில் கையைக் காட்டப்போகிறார்கள். மருந்துக்கடைக்காரர் அவரிடம் கேட்கத் தயங்கினாராம், இவன்தான் அத்தான் சார்பில் ஒப்புக்கொண்டானாம்.

"லிஃப்ட் கயிறு பிடிக்கிற கை இப்படி வேலை செய்யும்னு யாருக்குத் தெரியும்? அக்கா, நீ சொல்லவே இல்லையே."

அவள் அடுப்படி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. அவள் தட்டைக் கீழே வைத்தாள், தம்பிக்கு ஒரு கோப்பை கொடுத்தாள், கணவனுக்கு ஒன்று கொடுத்தாள், எதிரே உட்கார்ந்தாள். தம்பி போகும்வரை முக்கால் மணி நேரம் அவன் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மெக்கானிக் தேநீரை ஆறவிட்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கேட்டாள், எப்போதிலிருந்து என்று. அவர் அந்த முதல் ஞாயிறைச் சொன்னார். நீங்க என்ற வார்த்தையைப் பற்றியும் சொன்னார். பேருந்தில் நன்றாக இருந்த வாதம், வீட்டுக் கூடத்தில் சொல்லும்போது அவருக்கே கூசியது.

"சரி, வாய் தவறிப்போச்சு. அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அதுவரைக்கும் யாரும் என்னைச் சுத்தி நின்னதில்ல" என்றார்.

"எனக்கும் அது நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள் அவள்.

கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. தான் போய் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றாள். பன்னிரண்டு நாள் இருக்கிறது; அதற்குள் அவர் உண்மையைச் சொல்லலாம், இல்லையென்றால் கற்றுக்கொள்ளலாம், இரண்டில் எது என்பது அவர் பாடு. மெக்கானிக் ஒரு இரவு முழுக்க யோசித்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டு, பால்கனி வாசலில் போய் நின்றார். அவள் முகமூடி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அப்படித் தொடங்கிய பாடம் அது. பால்கனியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இரண்டு பேரும் முகமூடி போட்டிருந்தார்கள். அவள் முகத்தில் கண்ணை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. கோபமா, களைப்பா, எதுவுமே இல்லையா என்று அந்தக் கண்ணிலிருந்து படிக்க முடியவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது பேச முடியாது. அது நின்றதும் அவள் பேசுவது வேலையைப் பற்றி மட்டும்.

முதல் நாள் வர்ணமே இல்லை. ஏர்பிரஷ்ஷின் கிண்ணத்தில் வெறும் தண்ணீர். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வர்ணம்; ஒரே விரல் இரண்டையும் செய்ய வேண்டும். நிறுத்தும்போது முதலில் வர்ணத்தை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் காற்றை. மாற்றிச் செய்தால் நுனியில் ஒரு துளி தங்கி, அடுத்த அழுத்தலில் சிப்பாயின் முகத்தில் போய் விழும். பழைய செய்தித்தாளில் புள்ளி வைக்கச் சொன்னாள். நூறு புள்ளி. பிறகு கோடு. பிறகு மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் கோடு. இரண்டு டன் லிஃப்ட் பெட்டியை ஒரு நூல் பிசகாமல் தளத்தோடு நிறுத்தத் தெரிந்த கை, ஒரு புள்ளியை வைக்கத் தடுமாறியது.

"விரலால தள்ளாதீங்க. மூச்சை விட்டுட்டு இழுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் கறுப்பு மை. அவர் கிட்டே பிடித்ததால் காற்று மையை நாலாபக்கமும் விரட்டி, புள்ளிக்குப் புள்ளி சிலந்திக்கால் முளைத்தது. தள்ளிப் பிடித்தால் பொடிப்பொடியாகக் காய்ந்து உட்கார்ந்தது. வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள்; கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் மெல்லிய படலமாக வழிய வேண்டும். அவர் கரைத்தது ஒருநாள் தண்ணீர், ஒருநாள் களி. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நுனி அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி முதலிலிருந்து.

ஆறாம் நாள் பிளாஸ்டிக் ஆட்களிடம் வந்தார்கள். முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, தலைக்கு மேலிருந்து சாய்வாக வெள்ளை. உச்சி வெயிலில் ஆள் நிற்பது மாதிரி மேல்பக்கம் எல்லாம் வெளுத்து, மடிப்பும் இடுக்கும் கறுப்பாகவே தங்கியது. அதன்மேல் கண்ணாடி மாதிரி நீர்த்த நீலம், மூன்று பூச்சு. அன்று மெக்கானிக் அடித்த ஆறு பேரில் ஒருவன் தேறினான். அவனைக் கையில் வைத்து அவள் வெளிச்சத்தில் திருப்பினாள். முகமூடிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது போல இருந்தது. "இவன் பரவாயில்ல" என்று சொல்லிக் கீழே வைத்தாள். அன்று மெக்கானிக் அதைத் தூக்கத்திலும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சாப்பாட்டு மேசையில், படுக்கையில், கடைக்குப் போகும் வழியில் அவள் பேச்சு கணக்காகவே இருந்தது. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் சண்டை எதுவும் இரண்டு நாளைத் தாண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் அவளுக்குப் பல் கூடத்தில் வேலை நீண்டது. அவர் தனியாக உட்கார்ந்து பழகினார். கழுவி மாட்டும்போது கை வழுக்கி, ஏர்பிரஷ்ஷின் உள்ளே இருக்கும் ஊசி தரையில் நுனி குத்த விழுந்தது. எடுத்துப் பார்த்தால் முனை மயிரிழை அளவுக்கு வளைந்திருந்தது. மாட்டி அடித்தார், நேரே போக வேண்டிய வர்ணம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு துப்பியது. அவள் வருவதற்கு அரை மணி இருந்தது. துடைத்து, பெட்டியில் வைத்து, ஒன்றும் தெரியாதவர் போல இருந்துவிடலாம். நாளைக்கு அவள் எடுக்கும்போது தானாக வளைந்தது மாதிரி ஆகிவிடும். அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஊசியை ஒரு துணியில் வைத்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

அவள் பையைக்கூடக் கழற்றாமல் ஊசியை வாங்கிப் பார்த்தாள். கூடத்தில் பல்லுக்கு மெருகேற்றும் ரப்பர் துண்டு ஒன்று பையில் இருந்தது. முனையைப் படுக்கவைத்து, உருட்டி உருட்டி, கால்மணி நேரம் தேய்த்தாள். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முனை நிமிர்ந்ததும் ஊசியை மாட்டி, தாளில் ஒரு கோடு இழுத்தாள். நேராக இருந்தது.

"மறைச்சுடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும் நினைச்சேன்."

அன்று அவள் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தானாகக் கொடுத்தாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் மனதில் செய்து காட்டிவிடலாம் என்ற நம்பிக்கை வந்திருந்தது. அந்த நம்பிக்கைதான் உண்மையைச் சொல்லவிடாமல் தடுத்தது.

அந்த ஞாயிறு வந்தது. சனிக்கிழமை சாயங்காலமே, தானும் வருவதாக அவள் சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்க அவருக்குத் துணிவு இல்லை.

மாடியில் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். முன்னால் ஒரு மேசை, அதன்மேல் கேமரா, பின்னால் வெள்ளைத் திரை. மூன்றாவது வரிசையில் மச்சினனும் அவன் அக்காவும் உட்கார்ந்தார்கள். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது. மருந்துக்கடைக்காரர் வந்து வணக்கம் சொல்லி, உங்க வீட்டுக்காரர் எங்கள் சங்கத்துக்கே பெருமை என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையை ஆட்டியது மெக்கானிக்குத் தெரிந்தது.

மேசைமேல் ஒரு பக்கம் அவளுடைய படை. இன்னொரு பக்கம் வர்ணம் படாத பத்து சிப்பாய்கள். அவர் கிண்ணத்தில் வர்ணம் ஊற்றினார். திரையில் அவர் விரல்கள் ஆள் உயரத்துக்குத் தெரிந்தன. நகத்தடியில் இருந்த எண்ணெய்க் கறைகூடத் தெரிந்தது. மூச்சை விட்டார். இழுத்தார்.

கோடு சரியாக வந்தது.

அதன்பிறகு கை தானாகப் போயிற்று. கறுப்பு, மேலிருந்து வெள்ளை, பிறகு நீலம். இடையில் ஒருமுறை நுனி அடைத்தது. பதறாமல் பருத்திக் குச்சியால் துடைத்து, காகிதத்தில் ஊதிப் பார்த்து, தொடர்ந்தார். இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று விளக்கம்கூடச் சொன்னார். அவள் சொல்லித்தந்த வார்த்தைகள் வரிசையாக வாயில் வந்தன. பால் பதம். வர்ணத்தை முதலில் நிறுத்து, அப்புறம் காற்று. சிலர் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். முப்பது நிமிடத்தில் நீல மேலங்கியோடு ஒரு சிப்பாய் திரையில் நின்றான். கைதட்டினார்கள். மெக்கானிக் நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள், மற்றவர்களைப் போலவே, மரியாதைக்கு.

யாருக்காவது கேள்வி உண்டா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். இரண்டு மூன்று கேள்விகள் வந்தன, எல்லாம் தெரிந்தவை. பிறகு வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் எழுந்து மேசைக்கே வந்தார். நல்ல ஆட்டக்காரர், கேள்வி கேட்டே பழகியவர். படையிலிருந்து கொடிக்காரனை எடுத்துக் கேமராவுக்கு அடியில் வைத்தார். அவன் முகம் திரையை நிறைத்தது.

"ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்தேன். இவனுக்குக் கன்னத்துக்குக் கீழ, தாடையில, லேசா ஒரு நீலம் இருக்கு. மத்த யாருக்கும் இல்ல. ஏன்?"

மெக்கானிக் பார்த்தார். இருந்தது. இரண்டு வருடமாக அந்தக் கொடிக்காரனை அவர் எடுத்திருக்கிறார், வைத்திருக்கிறார், சாகக் கொடுத்திருக்கிறார். அந்த நீலத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண் திரையில் இருந்தது. கம்ப்ரசர் ஒருமுறை கிளம்பி, காற்றை நிரப்பிக்கொண்டு நின்றது.

மச்சினன்தான் காப்பாற்றினான். "அத்தான்கிட்ட காரணம் கேட்டா எப்படிங்க? கைக்குத் தோணுச்சு, அடிச்சுட்டாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வரி அலுவலக அம்மாவும் சிரித்துவிட்டுத் திரும்பினார். முடிந்தது. இனி தேநீர்தான்.

மெக்கானிக்கும் சிரிக்கத் தொடங்கினார். அப்போது மூன்றாவது வரிசையில், அவள் காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும் இடம் வந்துவிட்டால் பேருந்தில் செய்வது போல. இவ்வளவுதான் இவர் என்று அவள் தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள், தெரிந்துகொண்டாள், போகப்போகிறாள். அவருக்கு அது அப்படியே விளங்கியது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார். "அந்த நீலம் எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அதை நான் அடிக்கல. இந்தப் படையில எதையும் நான் அடிக்கல. என் மனைவி அடிச்சது. இன்னிக்கு நான் காட்டினதும் பன்னெண்டு நாளா அவகிட்ட கத்துக்கிட்டது. ரெண்டு வருஷமா நான் சொன்னது பொய்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மச்சினன் அக்காவின் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

வரி அலுவலக அம்மாதான் முதலில் வாய் திறந்தார். அவருக்குக் கேள்விதான் முக்கியம். மூன்றாவது வரிசையைப் பார்த்து, "அப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்தபடியே சொன்னாள். "அவன் அன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கான். கறுப்புத் தாடியை மழிச்சா தோலுக்கு அடியில அந்த நிறம் தெரியும். மத்தவங்க சிப்பாய்ங்க, தாடியோட விட்டுட்டேன். இவன் கொடி பிடிக்கிறவன், சுத்தமா வரணும்ல. நான் வீட்டுல தினமும் பாக்குற முகம்தான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மெக்கானிக்கின் கை தானாகத் தாடைக்குப் போயிற்று. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று உணர்ந்து பாதியில் இறக்கிக்கொண்டார்.

சங்கம் அடுத்த வாரமே கூடி முடிவெடுத்தது. இரண்டு வருட வர்ண மதிப்பெண்ணையும் கழித்தார்கள். மூன்று மாதம் அவர் மாடி ஏறக் கூடாது என்றார்கள். மருந்துக்கடைக்காரர் நேரில் வந்து சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார், ஆனால் உட்காரவில்லை. மச்சினன் இரண்டு வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. வந்தபோது அத்தானிடம் முகம் கொடுக்காமல் அக்காவிடம்தான் சண்டை பிடித்தான்.

"நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீயாவது கேட்டிருக்கலாம்டா" என்றாள் அவள். "லிஃப்ட் கயிறு பிடிக்கிற கைக்கு வரும்னு நம்பின. பதினாறு வருஷம் பல்லுக்கு நிறம் வைக்கிற கை உனக்கு ஞாபகம் வரல."

போகும்போது அத்தானிடமும் சொல்லிக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் அவளைச் செய்து காட்டக் கூப்பிட்டார்கள். ஞாயிறு தூக்கம் கெடும் என்று இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொண்டாள். மெக்கானிக் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு போய் அச்சகத்தின் மாடிப்படி அடியில் வைத்தார். அதற்கு மேல் அவருக்கு அனுமதி இல்லை. மச்சினன் இறங்கி வந்து வாங்கிக்கொண்டான். எதிர்ப்பக்கம் ஒரு சுவர் நிழலில் அவர் இரண்டு மணி நேரம் நின்றார். மேலே சன்னல் திறந்திருந்தது. அவள் குரல் கேட்கவில்லை. நடுநடுவே கம்ப்ரசர் உறுமுவதும், ஒருதடவை எல்லாரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது.

அவள் இறங்கி வந்தபோது கட்டைவிரலில் சிவப்பு காய்ந்திருந்தது. வழியெல்லாம் பேசினாள். கிண்ணத்தின் மூடி தெறித்து மருந்துக்கடைக்காரர் சட்டையில் விழுந்தது; வரி அலுவலக அம்மா ஒன்பது கேள்வி கேட்டார், அதில் இரண்டுக்கு அவளுக்கே விடை தெரியவில்லை; குதிரைக்கு வியர்வை வைப்பது எப்படி என்று ஒருவர் வீட்டுக்கு வந்து கற்றுக்கொள்ளலாமா என்கிறார். அவர் கம்ப்ரசரை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே நடந்தார்.

சாலையைக் கடக்க நின்றபோது அவள் பேச்சை நிறுத்தினாள்.

"கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"குறைஞ்சிருக்கு" என்றாள். வண்டிகள் நின்றன. அவர் தோளில் இருந்த கம்ப்ரசர் சரியாமல் ஒருபக்கம் பிடித்துக்கொண்டு, அவளும் சேர்ந்து கடந்தாள்.